ஜப்பானின் பழைய வெந்நீரூற்று விடுதிகள்: மலிவு விலைக்குப் பின்னால் இருப்பது என்ன?

தோக்கியோ பார்த்தாச்சு. ஒசாக்கா, கியோட்டோவும் பார்த்தாச்சு. அடுத்த தடவை எங்கே போவது என்று கேட்டால், இப்போது பலர் சொல்லும் பதில்: "ஏதாவது ஒரு ஒன்சென் ஊருக்கு."

2024ஆம் ஆண்டு ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டுப் பயணிகள் 36.8 மில்லியன் பேர். சிங்கப்பூரிலிருந்து மட்டும் ஏறத்தாழ 690,000 பேர். நம் மொத்த மக்கள்தொகை 6 மில்லியன் என்பதை நினைத்துப் பார்த்தால், அது சின்ன எண் இல்லை. யென்னும் கைகொடுத்தது. 2020இல் ஒரு வெள்ளிக்கு 80 யென்னை ஒட்டிக் கிடைத்தது. 2024 ஜூலையில் அது கிட்டத்தட்ட 120ஐத் தொட்டது.

ஒன்சென் என்று இணையத்தில் தேடினால் முதலில் வருவது என்ன? அறைக்குள்ளேயே தனித் தொட்டி, பனி மூடிய மலை, பத்துப் பன்னிரண்டு கிண்ணங்களில் இரவு உணவு. ஆளுக்குச் சில நூறு வெள்ளி. பார்த்துவிட்டுப் பலர் அப்படியே பக்கத்தை மூடிவிடுவார்கள்.

ஆனால் அதே மலையடிவாரத்தில், அதே ஊற்றுநீரில், ஆளுக்கு 50 வெள்ளிக்கும் தங்க இடம் இருக்கிறது. மரத்தால் கட்டிய பழைய விடுதிகள். நடந்தால் தரை கிறீச்சிடும், கழிவறை நடைபாதையின் கோடியில் இருக்கும், சமையலறை எல்லாருக்கும் பொது. அவை ஏன் இவ்வளவு மலிவு? இன்னும் எத்தனை நாளைக்கு மலிவாக இருக்கும்? பார்ப்போம்.

ஒன்சென் என்பது சட்டம் சொல்லும் சொல்

ஜப்பானில் யார் வேண்டுமானாலும் தண்ணீரைக் காய்ச்சி "ஒன்சென்" என்று பலகை மாட்டிவிட முடியாது. 1948ஆம் ஆண்டின் வெந்நீரூற்றுச் சட்டம் ஒரு வரையறை வைத்திருக்கிறது. நிலத்தடியிலிருந்து வரும் நீர் ஊற்றுக்கண்ணில் 25 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குமேல் இருக்கவேண்டும். இல்லையென்றால் பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். அதாவது, குளிர்ந்த நீர்கூடச் சட்டப்படி ஒன்சென் ஆகலாம். அதைச் சூடாக்கித் தொட்டியில் விடுவார்கள்.

நம் செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவின் நீர் ஊற்றில் சுமார் 70 டிகிரி. ஜப்பானில் இருந்திருந்தால் கேள்வியே இல்லாமல் தேர்ச்சி பெற்றிருக்கும். நம் முதன்மைத் தீவில் இருப்பது ஒன்று. அங்கே 27,000க்கும் அதிகமான ஊற்றுகள் பதிவாகியுள்ளன.

குறைந்த விலை என்பது தள்ளுபடி அல்ல

பழைய விடுதிகளின் விலையைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தெரிந்தால் போதும்: தோஜி. வெந்நீரில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்வது என்று பொருள்.

அறுவடை முடிந்தபிறகு, அல்லது நடவுக்கு முன்பு, வடகிழக்கு ஜப்பானின் விவசாயிகள் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போவார்கள். அரிசி, மிசோ, ஊறுகாய் எல்லாம் வீட்டிலிருந்தே வரும். ஏழு நாள் ஒரு சுற்று. மூன்று சுற்று தங்கினால்தான் உடம்பு தேறும் என்பது நம்பிக்கை. மூன்று வாரம் தங்குகிறவருக்கு யார் தினமும் விருந்து வைப்பது? அவரே சமைத்துக்கொள்வார். விடுதி கொடுப்பது கூரை, அடுப்பு, வெந்நீர், அவ்வளவுதான்.

ஆக, இந்த விடுதிகளில் விலை குறைக்கப்படவில்லை. தொடக்கத்திலிருந்தே அவை குறைந்த வருமானம் உள்ளவர்களுக்காக உருவானவை. பிற்காலத்தில் வந்த விருந்து, பட்டு மெத்தை, வணங்கி வரவேற்கும் பணிப்பெண்கள் எல்லாம் வேறொரு வகை விடுதியின் அடையாளம்.

இவாத்தே மாநிலத்தின் ஹனமாக்கி வட்டாரத்தில் இந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அங்குள்ள ஓசாவா ஒன்செனில் தோஜி பகுதி தனியாக உள்ளது. அறைக்கட்டணம் குறைவு. ஆனால் மெத்தை வேண்டுமா, அதற்குத் தனி. யுக்காத்தா உடை வேண்டுமா, தனி. கணப்பு வேண்டுமா, அதுவும் தனி. மலிவுக்கட்டண விமானத்தில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனியாகக் கட்டுகிறோமே, அதே கணக்குதான். விமான நிறுவனங்கள் கண்டுபிடிப்பதற்கு ரொம்ப காலம் முன்பே இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அதே வட்டாரத்தின் நமாரி ஒன்செனில் ஒரு தொட்டி இருக்கிறது. ஆழம் சுமார் 1.25 மீட்டர். உட்கார்ந்து குளிக்க முடியாது, நின்றுகொண்டுதான் குளிக்கவேண்டும். அடியிலிருந்தே ஊற்று பொங்குகிறது.

அவோமோரியின் சுகாயு இன்னும் பிரபலம். 300 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு. ஹிபா மரத்தால் ஆன அதன் பெரிய குளியல் கூடத்துக்கு "ஆயிரம் பேர் குளியல்" என்று பெயர். ஆண்களும் பெண்களும் ஒரே கூடத்தில் குளிக்கும் பழைய வழக்கம் அங்கே தொடர்கிறது. பெண்களுக்கு மட்டும் என்று தனி நேரமும் ஒதுக்கியிருக்கிறார்கள். 1954இல் ஜப்பானிய அரசாங்கம் மக்கள் உடல்நலத்துக்கான வெந்நீரூற்றுத் தலங்களை முதன்முதலாக அறிவித்தபோது, அந்தப் பட்டியலில் சுகாயுவும் இருந்தது. குன்மா மாநிலத்தின் ஷிமாவும் இருந்தது.

ஷிமாவில் உள்ள செகிசென்கான் விடுதியின் பழைய கட்டடம் 1691ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே விடுதியின் புதிய கட்டடங்களில் கட்டணம் கூடுதல். ஆகப் பழைய கட்டடத்தில்தான் ஆகக் குறைவு. பழமைக்கு அதிக விலை என்றுதானே நாம் நினைப்போம்? இங்கே தலைகீழ்.

சைவமா? ஹலாலா? இதைக் கவனியுங்கள்

நம்மவர்களுக்கு ஒன்சென் விடுதியில் ஆகப் பெரிய சிக்கல் குளியல் அல்ல, சாப்பாடு. வழக்கமான விடுதி உணவில் மீன் இல்லாத கிண்ணமே அபூர்வம். காய்கறிதானே என்று எடுத்தால், அதை வேகவைத்த சாறு காய்ந்த மீனில் செய்ததாக இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் சமையல்காரர் அன்போடு மீன் வைப்பார். சோயா சாற்றிலும் மிரினிலும் மதுச்சாரம் இருக்கக்கூடும் என்பது முஸ்லிம் பயணிகளின் கவலை.

பழைய தோஜி விடுதி இந்தச் சிக்கலைத் தற்செயலாகத் தீர்த்துவைக்கிறது. சாப்பாடு இல்லாத கட்டணம். அடுப்பு இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது. வரும் வழியில் நகரத்துப் பேரங்காடியில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிக்கொண்டால் முடிந்தது. மலையேறிவிட்டால் கடை இருக்கும் என்று நம்பவேண்டாம். பொதுப் பாத்திரம் கூடாது என்பவர்கள் ஒரு சின்னச் சட்டியைப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

தெற்கே பெப்பு நகரின் கன்னாவா பகுதியில் அடுப்புகூட வேண்டாம். அங்கே நிலத்திலிருந்து வரும் ஆவியிலேயே சமைக்கிறார்கள். மூங்கில் தட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சோளம், முட்டை, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் அடுக்கி ஆவித்தொட்டிக்குள் இறக்கினால், சற்று நேரத்தில் வெந்துவிடும். நீண்டநாள் தங்குவோருக்காக வாடகை அறைகள் கொடுக்கும் பழைய வீடுகள் அங்கே இன்னும் உள்ளன. இட்லிப் பானையோடு வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை.

பெரியவை விழுந்தன. சின்னவை?

1980ஐ ஒட்டி ஜப்பானில் சுமார் 83,000 பாரம்பரிய விடுதிகள் இருந்தன. 2017இல் 40,000க்கும் கீழே இறங்கிவிட்டது. 2018இல் சட்டம் மாறி, ஓட்டலும் பாரம்பரிய விடுதியும் ஒரே உரிமப் பிரிவுக்குள் வந்துவிட்டதால், அதற்குப் பிந்திய எண்களை இதோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் போக்கு தெளிவு.

காரணம் என்ன? 1980களில் நிறுவனங்கள் ஊழியர்களைப் பேருந்து பேருந்தாக ஒன்சென் ஊர்களுக்கு அழைத்துச் சென்றன. விருந்துக் கூடம், கரவோக்கே, நூற்றுக்கணக்கான அறைகள் என்று வங்கிக் கடனில் கான்கிரீட் கட்டடங்கள் எழுந்தன. 1990களின் தொடக்கத்தில் பொருளியல் குமிழி வெடித்தது. பேருந்துகள் நின்றுபோயின, கடன் நிற்கவில்லை. தொச்சிகி மாநிலத்தின் கினுகாவாவுக்குக் கடன் கொடுத்துவந்த அஷிகாகா வங்கி 2003இல் நொடித்து அரசுடைமையானது. அந்த ஊரின் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட ஓட்டல்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. இடிக்கவும் காசு வேண்டுமே!

நொடித்த பெரிய ஓட்டல்களில் சிலவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, மலிவான "எடுத்துச் சாப்பிடும்" உணவோடு நடத்தும் நிறுவனங்கள் பிறகு வந்தன. இன்று "மலிவு ஒன்சென்" என்று தேடினால் முதலில் கண்ணில் படுபவை அவைதான். தவறில்லை. குடும்பத்தோடு போக வசதியானவை. ஆனால் இந்தக் கட்டுரை பேசும் பழைய விடுதிகள் அவை அல்ல.

கடன் வாங்கிக் கான்கிரீட் போடாத சின்ன விடுதிகளில் சில, அதனாலேயே பிழைத்தன. நீரைச் சூடாக்கும் செலவும் சூடான ஊற்று உள்ளவர்களுக்குக் கிடையாது. பிறகு எங்கேதான் செலவு? குழாயில். வெந்நீரில் கரைந்துள்ள தாதுக்கள் குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். அடிக்கடி இறங்கிச் சுரண்டவேண்டும். கந்தக ஊற்று என்றால் தொலைக்காட்சி, குளிரூட்டி, குளிர்பதனப்பெட்டி எல்லாம் சீக்கிரம் அரித்துப்போகும்.

சுரண்டுவது யார்? உரிமையாளர். விடியற்காலையில் தொட்டியைத் தேய்ப்பது அவர் மனைவி. முன்பதிவுக் கணக்கு மகள். இவர்கள் எவரும் சந்தை விலைக்குச் சம்பளம் எடுத்துக்கொள்வதில்லை. ஓர் இரவுக்கு 5,000 யென் என்ற விலை நிற்பதே அந்த உழைப்பின்மேல்தான். மலிவு என்று நாம் மகிழும்போது, யார் செலவில் மலிவு என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

அந்த உழைப்புக்கு இப்போது வயதாகிறது. பிள்ளைகள் செண்டாயிலோ தோக்கியோவிலோ வேலை பார்க்கிறார்கள். கொவிட்-19 காலத்தில் வட்டியில்லாமல் வாங்கிய கடனைத் திருப்பும் நேரமும் வந்துவிட்டது. மூன்று வாரம் தங்கிய விவசாயிகளின் தலைமுறையோ மறைந்துகொண்டிருக்கிறது. நிலநடுக்கம் வேறு. 2024 புத்தாண்டு நாளில் நோத்தோ தீபகற்பத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் வக்குரா ஒன்செனின் விடுதிகள் மொத்தமாக முடங்கின. பெரிய பெயர் உள்ளவர்கள் மறுபடியும் கட்டுவார்கள். ஓர் இரவுக்கு 5,000 யென் வாங்குகிறவர் எதை வைத்துக் கட்டுவார்?

தனித் தொட்டி ஆசையும் தண்ணீர்க் கணக்கும்

வெளிநாட்டுப் பயணிகள் வருவது நல்லதுதானே, அவர்களே காப்பாற்றிவிடுவார்களே என்று தோன்றலாம். பாதி உண்மை.

நம்மில் பலருக்கு அந்நியர் முன்னால் ஆடையில்லாமல் குளிக்கக் கூச்சம். அதனால் அறைக்குள் தனித் தொட்டி கேட்கிறோம். நியாயமான ஆசை. ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பொதுத் தொட்டியில் நாளெல்லாம் ஐம்பது பேர் குளிக்கலாம். அதே ஐம்பது பேருக்கு இருபத்தைந்து தனித் தொட்டி என்றால், ஒவ்வொன்றிலும் நீர் நிரம்பவேண்டும். நீர் ஓடிக்கொண்டே இருக்கும் வகை என்றால், ஆள் இல்லாத நேரத்திலும் ஓடும்.

சாகா மாநிலத்தின் உரேஷினோவில் ஊற்றுகளின் நீர்மட்டம் சில ஆண்டுகளாக இறங்கிவருவது அண்மையில் செய்தியானது. தனித் தொட்டிகள் பெருகியதும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. நிலத்தடி வெந்நீர் ஒரு வங்கிக் கணக்கு மாதிரி. மழை போடுகிறது, நாம் எடுக்கிறோம். போடும் வேகம் ரொம்ப மெதுவு.

இன்னொரு பக்கம் யாமகாத்தாவின் கின்சான் ஒன்சென். பனிக்கால இரவில் எரிவாயு விளக்குகளோடு இருக்கும் அந்தத் தெருவின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படம் எடுக்க வருவோர் கூட்டம் தாங்காமல், 2024–25 குளிர்காலத்தில் பகல்நேர வருகையாளருக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இரவு 8 மணிக்குமேல் அங்கே தங்குவோருக்கு மட்டும் அனுமதி. படம் எடுப்பவரால் விடுதிக்கு ஒரு காசு இல்லை. தங்குபவரால்தான் உண்டு.

பழையது என்றால் சுத்தமான ஊற்றுநீரா?

அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2004இல் நாகானோ மாநிலத்தின் ஷிராஹொனே ஒன்செனில் ஒரு விவகாரம் வெடித்தது. பால்போன்ற வெண்ணிற நீருக்குப் பேர்போன அந்த ஊரில், நிறம் மங்கியதும் குளியல் பொடியைக் கலந்திருந்தார்கள். நாடு முழுவதும் கொதித்தது. மறு ஆண்டே விதி மாறியது. நீர் சேர்க்கிறார்களா, சூடாக்குகிறார்களா, அதே நீரைச் சுழற்றிப் பயன்படுத்துகிறார்களா, கிருமிநாசினியோ வேறு எதுவுமோ கலக்கிறார்களா என்பதை எழுதி வைக்கவேண்டும். உடைமாற்றும் அறையின் சுவரில் மாட்டியிருக்கும் பலகை அதுதான். கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை அதன்மேல் காட்டினால் போதும், முழு ஜாதகமும் வந்துவிடும். ஆனால் உடைமாற்றும் அறையில் கைத்தொலைபேசிக் கேமராவைத் தூக்குவது பெரிய தப்பு. அதனால் விடுதியின் இணையத்தளத்திலேயே முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

2023இல் ஃபுக்குவோக்கா மாநிலத்தின் ஒரு பழம்பெரும் விடுதி, வாரம் ஒருமுறையாவது மாற்றவேண்டிய குளியல் நீரை ஆண்டுக்கு இரண்டே முறை மாற்றியது தெரியவந்தது. லெஜியொனெல்லா கிருமி, அனுமதித்த அளவைவிடச் சுமார் 3,700 மடங்கு. அது மலிவு விடுதியும் அல்ல. நீரைச் சுழற்றி, குளோரின் போட்டு, ஒழுங்காகப் பராமரிக்கும் சாதாரண விடுதி அதைவிட எவ்வளவோ மேல். பெயரையும் வயதையும் பார்த்து மயங்காமல் பலகையைப் பாருங்கள்.

போவதென்றால்

முதல் விஷயம், பணம். இந்த விடுதிகள் அறைக்கு அல்ல, ஆளுக்குக் கட்டணம் சொல்பவை. 9,000 யென் என்று பார்த்து நான்கு பேர் கிளம்பினால் 36,000 யென். தனியாகப் போகிறவருக்குச் சில இடங்களில் அறையே தரமாட்டார்கள். ஆனால் தோஜி விடுதிகள் தனியாட்களுக்குப் பழகியவை. குளியல் வரி என்று பெரும்பாலான ஊர்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 யென் வாங்குவார்கள். ரொக்கம் வைத்திருங்கள்.

விடுதி மலிவு, ஆனால் வழி மலிவு இல்லை. தோக்கியோவிலிருந்து ஷின்-ஹனமாக்கிக்கு அதிவேக ரயிலில் சுமார் 3 மணி நேரம். நாடு முழுதும் பயணம் செய்யும் ஏழு நாள் ஜேஆர் ரயில் அட்டை 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு எகிறியது. ஓர் இரவு மட்டும் தங்கத் தோக்கியோவிலிருந்து போய்த் திரும்பினால், அறையில் மிச்சம் பிடித்தது ரயிலில் போய்விடும். மூன்று நான்கு இரவு தங்கினால்தான் கணக்கு கட்டுப்படியாகும். விடுதிக்காரருக்கும் அதுவே லாபம்: விரிப்பு மாற்றுவது, அறை கூட்டுவது எல்லாம் ஒரு தடவைதான். ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சும் சில ஆண்டுகளாக "புதிய தோஜி" என்ற பெயரில் நீண்டநாள் தங்கலை ஊக்குவித்துவருகிறது.

அம்மா, அப்பாவை அழைத்துப் போகிறீர்களா? மின்தூக்கி இருக்காது. படிகள் செங்குத்து. தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கவேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது எளிதல்ல. ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொட்டியில் இறங்கட்டும், 42 டிகிரிக்குமேல் இருக்கும் தொட்டியைத் தவிர்க்கட்டும். கர்ப்பிணிகள் குளிக்கக்கூடாது என்ற பழைய எச்சரிக்கையை அமைச்சு 2014இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் வழுக்கும் தரை வழுக்கும் தரைதான்.

பச்சை குத்தியவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஜப்பானியச் சுற்றுப்பயண முகவை 2015இல் நடத்திய ஆய்வில் பதிலளித்த சுமார் 600 விடுதிகளில் 56 விழுக்காட்டினர் அனுமதிப்பதில்லை என்றார்கள்.

பெண்களுக்கு ஒன்று. மெட்டி, கொலுசு போன்ற வெள்ளி நகைகளைக் கந்தக ஊற்றில் இறங்குமுன் கழற்றிவிடுங்கள். ஒரே குளியலில் கறுத்துவிடும். தேய்த்தால் போகும், ஆனால் அம்மாவிடம் விளக்கம் சொல்லவேண்டியிருக்கும்.

உணவோடு முன்பதிவு செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் இருந்துவிடாதீர்கள். பத்து அறை உள்ள இடத்தில், நமக்காக வாங்கி வைத்த மீன் அன்றைய லாபம் முழுவதையும் தின்றுவிடும். தாமதமாகும் என்றால் ஒரு தகவல் சொல்லுங்கள். மாலை 6 மணி உணவு என்றால் 6 மணிதான், சாப்பாட்டை 8 மணிக்குத் தள்ளிவைக்கச் சமையலறையில் ஆள் இல்லை.

எப்போது போகலாம்? நம் டிசம்பர் பள்ளி விடுமுறையின் கடைசி நாள்கள் ஜப்பானின் புத்தாண்டு விடுமுறையோடு மோதும். அப்போது மலிவு விடுதிகூட மலிவாக இருக்காது, அறையும் கிடைப்பது சிரமம். ஜூன் விடுமுறை வேறு கதை. ஹொன்ஷுவில் அது மழைக்காலம் தொடங்கும் நேரம், உள்ளூர்க்காரர்கள் அவ்வளவாகக் கிளம்பமாட்டார்கள். வாரநாளில் போனால் தொட்டி முழுவதும் உங்களுக்கே கிடைக்கலாம். குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.